டயர்க்கடை வீட்டு வண்டி

தீபிகா விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கிருமாம்பாக்கத்து நெடுஞ்சாலையில் அவளை நடுரோட்டில் தள்ளாட விட்டுவிட்டு நான் பேனாவை மூடி வைத்ததற்குத் திட்டாதவர் பாக்கி இல்லை.

பின்னால் கடலூர் பஸ் ஹாரனை அலறவிட, வண்டி பின்பக்கம் இடமும் வலமுமாக வீச, அவள் ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். மாவு பாக்கெட் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. அன்றிலிருந்து அவள் கணவன் கதிரவன் சரியாகத் தூங்கவில்லை. வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை காலை, கடைகளுக்கு மாவு போட்டு முடித்து வந்த தீபிகா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வாசலில் நின்று சொன்னான்.

"நாலு மணிக்கு ராஜ்மோகன் வர்றாரு. பாகூர்ல பழைய வண்டி வாங்கி விக்கறவரு. பாத்துட்டு கையோட எடுத்துகினு போயிடுவாரு."

"அப்ப மாவு?"

"அப்புறமா ஒரு ஸ்கூட்டி பாக்கலாம்."

"ஸ்கூட்டில மூணு பொட்டி ஏறுமா? நாளைக்கி காலைல பாகூர் கடைக்காரங்க இன்னா பண்ணுவாங்க? வேற மாவுக்குப் போயிடுவாங்க. ஒருவாட்டி போனா திரும்பி வர மாட்டாங்க."

"நீ முழுசா இருந்தா மத்ததெல்லாம் பாத்துக்கலாம் தீபி."

அவன் குரல் உடைந்ததில் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

இந்த மாவு லைன் தீபிகா தானே உண்டாக்கியது. வில்லியனூரில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கிரைண்டர் போட்டு, விடிவதற்குள் ஆட்டிக் கட்டி, ஏம்பலம், பாகூர், கிருமாம்பாக்கம் வரை கடை கடையாக இறக்குகிறாள். வெயில் ஏறினால் மாவு பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கிவிடும் என்பதால் மெதுவாகப் போக வழியில்லை. வண்டி, கல்யாணத்துக்கு முன் கதிரவன் ஆசைப்பட்டு வாங்கிய தாழ்வான நீள பைக். சீட் தாழ்வாக இருப்பதால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் அவளுக்கு இரண்டு காலும் தரையில் நன்றாகப் படியும். அதனால்தான் அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

அந்த பைக்கின் பின்சக்கரத்தில் ஓடுவது கார் டயர்.

அதைப் போட்டவர் மாமனார் சிங்காரவேலு. மாட வீதியில் டயர்க்கடை வைத்திருக்கிறார். கடையில் விற்காததுதான் வீட்டுக்கு என்பது அவர் வீட்டில் எழுதாத சட்டம். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராத சின்னக் கார் டயர் ஒன்று, பொங்கலிலிருந்து அலமாரியில் தூங்கியது. அளவு பார்த்தால் பதினைந்து இஞ்ச். பைக்கின் பின் ரிம்மும் பதினைந்து. "கார் டயருடா! கல்லு மாதிரி எடை தாங்கும். என் மருமவ மாவு மூட்டை ஏத்திகினு போறா, அவளுக்கு அகலமா இருக்கட்டும்" என்று தானே உட்கார்ந்து மாட்டினார். அன்பில் குறையே சொல்ல முடியாது.

அதற்கப்புறம்தான் வண்டி ஆட ஆரம்பித்தது.

"உங்க மாமா போட்ட டயரு" என்றான் கதிரவன், காலையில் அதே வாசலில். "அதத் தூக்கிப் போடச் சொன்னா கேக்க மாட்டாரு. வண்டியவே வித்துட்டா பிரச்சன இல்ல."

"நீங்களே அவருகிட்ட சொல்லுங்களேன்."

அவன் சட்டென்று உள்ளே போனான். கடையில் உட்கார மாட்டேன் என்று சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பனும் பிள்ளையும் பேசுவதில்லை என்பது இந்தக் கதையைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒரே வீட்டில் ஒருவருக்கு 'உன் வூட்டுக்காரன்', இன்னொருவருக்கு 'உங்க மாமா'. நடுவில் தபால்காரி தீபிகா.

நாலு மணிக்குள் வண்டி ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடித்தால் வண்டி வீட்டோடு நிற்கும். இல்லையென்றால் போகும். அவள் சாப்பிடக்கூட இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடையில் கற்பூர வாசனை. சிங்காரவேலு கம்ப்ரஸருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் முதல் காற்று சொந்த வண்டிக்கு. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மாற்றாத வழக்கம். மருமகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஹோஸை இழுத்து வந்து முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் பிடித்தார். கம்ப்ரஸர் கடகடவென்று வெகுநேரம் ஓடியது.

"ஆச்சு. இனிமே அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் கவல இல்ல."

"மாமா, இன்னிக்கி இத விக்கப் போறாரு."

அவர் கை ஹோஸோடு நின்றது. "யாரு? உன் வூட்டுக்காரனா?"

"வண்டி ஆடுதுன்னு பயம். நாலு மணிக்குள்ள எதால ஆடுதுன்னு பாக்கணும். வாங்க, ஒவ்வொண்ணா பாப்போம்."

"எதால ஆடும்? ஓட்டறதுல ஆடும். டயருல ஒரு கொறையும் இல்ல."

"டயருதான்னு நான் சொல்லல மாமா. டயரு இல்லன்னும் சொல்லல."

சிங்காரவேலு முறைத்தார். ஆனாலும் ஜாக்கியை எடுத்து வந்தார். வண்டியை விற்பது என்றால் தன் டயரும் சேர்ந்து போகும், ஊரெல்லாம் காரணம் கேட்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, தீபிகா அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் கோன் செட் லூஸாக இருந்தால் 'டக் டக்' என்று கைக்குத் தெரியும். தெரியவில்லை. ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். எங்கும் சிக்கவில்லை. பின்சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்தாள். வளைந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் கோடு விழும். சுற்று முழுக்க ஒரே மாதிரி விழுந்தது. டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று மாமனார் விரல் வைத்துச் சுற்றிலும் தடவினார். உட்கார்ந்திருந்தது. செயினை முடுக்கும் இரண்டு பக்கத்து அளவும் ஒன்றாக இருந்தது, சக்கரம் கோணவில்லை.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல" என்றார் சிங்காரவேலு.

"ஓட்டிப் பாக்கலாம்."

மாவுக்குப் பதில் பெட்டிகளில் தண்ணீர் கேன்களை அடுக்கி, அதே எடை ஏற்றி, பைபாஸுக்குக் கொண்டுபோனாள். மாமனார் தன் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். ஐம்பது. அறுபது. வழக்கமாக இந்த இடத்தில்தான் வண்டியின் இடுப்பு மெல்ல அசைய ஆரம்பிக்கும். அறுபத்தைந்து. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுபது.

ஆடவில்லை.

வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் அல்ல. ஆடினால் காரணம் தேடலாம். ஆடாத வண்டியில் எதைத் தேடுவது?

மொபெட் புகையோடு வந்து சேர்ந்த சிங்காரவேலுவுக்கு வாயெல்லாம் பல். "நான்தான் சொன்னன்ல! மனசுல பயம் இருந்தா கையி ஆடும், கையி ஆடினா வண்டி ஆடும்."

"காலைல கூட ஆடுச்சு மாமா! பாகூர் தாண்டி, ஐம்பத்தஞ்சுலயே ஆடுச்சு. மெதுவா வந்தன்."

"அப்பறம் இப்ப ஏன் ஆடல?"

கேள்வி நல்ல கேள்வி. காலையில் ஆடிய வண்டி, இப்போது ஆடாத வண்டி. நடுவில் என்ன மாறியது? இழுத்துப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், ஒரு போல்ட்டைக்கூட முடுக்கவில்லை. எடை அதே எடை. ஓட்டுகிறவள் அதே ஆள்.

மாறியது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைக் காற்று.

உங்களுக்கு அப்போதே தோன்றியிருக்கும். வண்டி ஆடினால் எவரும் முதலில் பார்ப்பது காற்றைத்தான். ஆனால் டயர்க்கடை வீட்டில் 'காத்து சரியா இருக்கா' என்று கேட்பது, ஓட்டல்காரர் வீட்டில் 'சாப்பாடு இருக்கா' என்று கேட்பதுபோல. அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் எல்லாச் சந்தேகமும் வந்தது, காற்றின் மேல் மட்டும் வரவில்லை. தீபிகாவும் இத்தனை நாளில் அந்த வீட்டு மனுஷியாகவே ஆகிப்போயிருந்தாள்.

"மாமா, எவ்ளோ வச்சீங்க?"

"முப்பத்தாறு. கார் டயரு, மேல எடை. அதான் கணக்கு."

"வெக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?"

கம்ப்ரஸர் வெகுநேரம் ஓடியது சிங்காரவேலுவின் காதில் இப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தது. முன் டயருக்கு இரண்டு பிடி, பின் டயருக்கு அவ்வளவு நேரம். மற்றவர் வண்டியாக இருந்தால் அப்போதே கேட்டிருப்பார். பூஜை நேரத்துச் சொந்த வண்டிக்குக் கேள்வி ஏது?

"ஒரு வாரத்துல அவ்ளோ எறங்காதே" என்று முணுமுணுத்தார்.

கடைக்குத் திரும்பி, வால்விலும் டயர் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. காற்று கசியவே இல்லை.

"அப்படின்னா யாரோ எறக்கி வுடறாங்க" என்றார் சிங்காரவேலு. முகம் சிவந்துவிட்டது. "எவன்டா அவன்? நம்ம மேல எவனுக்கு வவுத்தெரிச்சல்?"

தீபிகா வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் வண்டி ஒரு வாரம் ஆடும், அடுத்த வாரம் ஆடாது. அந்த ஆடாத வாரங்களை நினைத்துப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அவள் தனியாகச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கதிரவனுக்கு ரெண்டாம் ஷிப்ட். வந்து சேரும்போது அலுப்பில் அப்படியே படுத்துவிடுவான். முதல் ஷிப்ட் வாரமானால் சாயங்காலமே வீட்டில் இருப்பான்.

இப்போது மூன்று வாரமாக அவனுக்கு ஜெனரல் ஷிப்ட். தினமும் சாயங்காலம் வீட்டில்தான். மூன்று வாரமாக வண்டி விடாமல் ஆடுகிறது.

அவள் நிமிர்ந்தபோது எதிர்ச்சாரியில் கதிரவன் நின்றிருந்தான். ராஜ்மோகன் வருவதற்குள் வண்டியைக் கழுவி வைக்க வந்தவன். கடைப் பக்கம் கால் வைப்பதில்லை என்ற சபதத்தில் ஜூஸ் கடை நிழலில் ஒதுங்கி நின்று, அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"நீங்க இங்க வாங்க" என்றாள் தீபிகா.

"நீ வா."

"வெள்ளிக்கிழம சாயங்காலம் பின் டயர்ல காத்து எறக்குறது நீங்களா?"

வீதியில் எல்லாருக்கும் கேட்டது. கதிரவன் ரோட்டைத் தாண்டி வந்தான். வேறு வழி?

"எறக்கினன்" என்றான், அவளை மட்டும் பார்த்து. "வீடியோல பாத்தன் தீபி. பைக்ல கார் டயரு போட்டா காத்து கம்மியா வெக்கணுமாம். அப்பதான் டயரு கொஞ்சம் அமுங்கி ரோட்டப் புடிக்குமாம். உங்க மாமா கல்லு மாதிரி அடிச்சு வெக்கிறாரு. வளைவுல வழுக்கிடுமோன்னு பயந்துதான்... அவருகிட்ட எப்படிச் சொல்றது? அதான் நானே."

"எவ்ளோ வச்சான்னு கேளும்மா" என்றார் சிங்காரவேலு, கம்ப்ரஸரைப் பார்த்து.

"பதினெட்டுன்னு சொல்லு தீபி."

"பதினெட்டா!" சிங்காரவேலு துள்ளித் திரும்பினார். "பதினெட்டு வச்சா மூணு பொட்டி மாவு எங்கடா உக்காரும்? டயரு ரெண்டு பக்கமும் நெளியும்டா! நெளிஞ்சா வண்டி இடுப்ப வெட்டாம இன்னா பண்ணும்? அறிவு கீதாடா உனக்கு?"

"எடை ஏத்திகினு போற வண்டிக்கு வீடியோல சொல்லலப்பா! எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மட்டும் சரியா? முப்பத்தாறு வச்சு, பொட்டி எறக்கின அப்பறம் திரும்பி வரப்ப, குழில எல்லாம் தூக்கித் தூக்கிப் போடுதே, அது மட்டும் நல்லதா?"

"கேட்டா சொல்லித் தொலைப்பன்ல!"

"நீங்கதான் என்கிட்ட பேசறதில்லையே!"

"நீ பேசினியாடா மொதல்ல?"

பக்கத்து மளிகைக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டார். தீபிகா குறுக்கே பேசவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் அவள் வாய் வழியாகவே போய்வந்த பேச்சு, இன்றைக்குத்தான் நேராக ஓடுகிறது. கத்தட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மூச்சு வாங்க இரண்டு பேரும் நிறுத்தியதும் அவள் சொன்னாள். "சண்ட அப்புறம். இப்ப பதினெட்டு வைங்க. இவரு ஓட்டட்டும்."

"நானா?"

"நீங்கதான். ஐம்பதுக்கு மேல போவாதீங்க."

பைபாஸ் ஓரத்துச் சின்ன ரோட்டில், தண்ணீர் கேன் சுமையோடு கதிரவன் போனான். சுமை ஏற்றி அவன் இந்த டயரில் ஓட்டியதே இல்லை. முதலில் நேராகப் போன வண்டி, ஐம்பதைத் தொடும் முன்பே பின்பக்கம் பாம்பாக நெளிந்தது. திரும்பி வந்து இறங்கியபோது முகத்தில் ரத்தம் இல்லை. தீபிகாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுலயா தினம் போன?" என்று கேட்டான். "நான் எறக்கி வுட்டு... அதுல நீ..."

"தெரிஞ்சா பண்ணீங்க?" என்றாள் தீபிகா. பயந்து பயந்து அவளைக் காப்பாற்ற நினைத்தவனே அவளை ஆட்டிவைத்திருக்கிறான். இவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா?

சிங்காரவேலு காற்றைக் கூட்டிக் குறைத்து வைக்க, மற்ற இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். முப்பத்தாறில் ஆடவில்லை, குதித்தது. முப்பத்திரண்டில் ஆடவும் இல்லை, அவ்வளவாகக் குதிக்கவும் இல்லை. தீபிகா எழுபது வரை போய் வந்து கட்டைவிரலைக் காட்டினாள். அப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் தன் கணக்கு தோற்றதில் சின்ன வருத்தம், எதிராளி கணக்கும் தோற்றதில் பெரிய நிம்மதி.

"ஆனா ஒண்ணு மாமா" என்றாள் தீபிகா. "ஆட்டம் நின்னுச்சு. வளைவுல வண்டி படுக்க மாட்டேங்குது. தட்டையான டயருல்ல, நிமுந்து நிக்கத்தான் பாக்குது. நான் மல்லுக்கட்டித் திருப்பறன். இது கார்ல ஓட வேண்டியது. எனக்கு பைக் டயரு வேணும்."

சிங்காரவேலு கடை அலமாரியைப் பார்த்தார். அங்கே பைக் டயர்கள் புதுப் பேப்பர் சுற்றோடு வரிசையாக நின்றன. அவர் கல்யாணத்தின்போது ஓட்டிய சைக்கிளுக்குக்கூடப் புது டயர் போட்டதில்லை. விற்காததுதான் வீட்டுக்கு.

"பதினஞ்சு இஞ்ச்ல சுமை தாங்கற டயரு இங்க இல்ல" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "திங்கக்கிழம வரவழைக்கிறன். புதுசு. அதுவரைக்கும் நீ ஐம்பதத் தாண்டக் கூடாது. நான் சொல்றன்."

"சரி மாமா."

"உங்க அத்தைகிட்ட வெல சொல்லாத."

மூன்று பேரும் சிரித்தார்கள். கடைக்குத் திரும்பியதும் தீபிகா பெட்டிகளையும் கேன்களையும் இறக்கி வைத்தாள். சிங்காரவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, வெகுநாள் கழித்துப் பிள்ளையைச் சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னிக்கி லீவாடா? ஜெனரல் ஷிப்டுல கேட்டா உடனே குடுத்துடறாங்களா?"

குரலில் பெருமை இருந்தது. ஒளித்துவைக்கப் பார்த்தார், முடியவில்லை. கதிரவன் சமாளித்திருக்கலாம். மூன்று வாரமாகச் சமாளித்தவன்தான். ஆனால் அப்பா நேராகக் கேட்ட முதல் நல்ல கேள்விக்குப் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ஜெனரல் ஷிப்ட் இல்லப்பா. கம்பெனில எங்க லைனையே மூடிட்டாங்க. எனக்கு வேல இல்ல."

சிங்காரவேலு முகம் துடைத்த துண்டை மடியில் இறக்கினார்.

"அப்ப தினமும் டப்பா எடுத்துகினு எங்க போனீங்க?" என்று கேட்டாள் தீபிகா.

"சேதராப்பட்டுல கம்பெனி கம்பெனியா கேட்டன். அப்பறம் டவுன் பஸ்ஸுல மண்ணாடிப்பட்டு வரைக்கும் போவன். அங்க உக்காந்து சாப்ட்டு திரும்பி வருவன்."

தீபிகா ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்படின்னா நம்ம வூட்டுல நீயும் நானும் சாப்புடறது இந்த வண்டி ஒண்ணாலதான். அதத் தெரிஞ்சேவா விக்கப் பாத்த?" மாமனார் எதிரில் 'நீ' என்று வந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை.

"நீ விழுந்துட்டா எனக்கு இன்னா கீது தீபி? வேல போனா தேடிக்கலாம்."

கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு மேல் அவளால் கத்த முடியவில்லை. சிங்காரவேலு எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று கதிரவன் தலையைத் தொங்கப் போட்டான். அவர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உக்காருடா. எவ்ளோ நேரம் நிப்ப?"

கதிரவன் உட்கார்ந்தான். கடைக்குள் அவன் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிறது.

நாலு மணிக்குச் சொன்ன ராஜ்மோகன், வீட்டில் கேட்டுக்கொண்டு மூன்றரைக்கே கடைக்கு வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, சிங்காரவேலுவிடம், "வண்டி பேசலாமா? யார்கிட்ட பேசணும்?" என்றார்.

சிங்காரவேலு பிள்ளையைப் பார்த்தார். கதிரவன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தான்.

"வண்டி அவங்களுதுண்ணே. அவங்களக் கேளுங்க" என்று சாவியை தீபிகா கையில் வைத்தான்.

"விக்கறதுக்கில்லண்ணே" என்றாள் தீபிகா. "அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவர் சலித்துக்கொண்டே மோரைக் குடித்தார். தீபிகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ஏறு" என்றாள் கணவனிடம்.

"எங்க?"

"வூட்டுக்குத்தான். அத்தைகிட்ட சொல்ல வேணாமா?"

அப்போதுதான் மற்ற இரண்டு பேருக்கும் கதிரவனின் அம்மா வள்ளியம்மை ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஜெனரல் ஷிப்ட் என்று தெரு முழுக்கச் சொல்லி, அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு, அடுத்து ஆபீஸில் நாற்காலிதான் என்று மூன்று வாரமாக உச்சி குளிர்ந்திருக்கிறாள். சிங்காரவேலு அவசரமாகக் கல்லாப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் கடைய மூடிட்டு வர்றன்" என்றார்.

மாட வீதியைத் தாண்டித் தெருவில் திரும்பினார்கள். வண்டி அசையாமல் போனது. கதிரவன் பின்னால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் கடலூர் பதிவெண் போட்ட கார் நின்றது. வள்ளியம்மையின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். திண்பண்டத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. பைக்கைக் கண்டதும் வள்ளியம்மை கையை நீட்டி, தெருக்கோடி வரை கேட்கும்படி கூவினாள்.

"இதோ வந்துட்டான் பாருண்ணா, என் ஆபீசர் புள்ள!"

தீபிகா எஞ்சினை அணைத்தாள். தலையைத் திருப்பாமல் மெல்லக் கேட்டாள்.

"நான் சொல்லட்டா?"

"வேணாம் தீபி. நீ வண்டிய நிறுத்து" என்றான் கதிரவன். அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு முதல் ஆளாக இறங்கினான். "நான் சொல்றன்."